நடுங்கிக்கொண்டே ஜெயித்த ஜெனிட்சு: எவ்வளவு பலசாலி? 'ஹஷிரா' பதவி ஏன் கிடைக்கவில்லை?

திருநெல்வேலி என்றதும் தமிழ் சினிமாவுக்கு ஞாபகம் வருவது அரிவாள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே வாசனைதான். நெற்கட்டும்சேவல் பூலித்தேவன், ஒண்டிவீரன், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் என்று அஞ்சாதவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். 'வீரம் விளைந்த மண்' என்ற வாசகம் இல்லாத போஸ்டரை பாளையங்கோட்டையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் பயந்த சுபாவத்தோடு பிறந்த பையனின் பாடு கொஞ்சம் கஷ்டம். "ஏலே, இதுக்குப் போயி பயப்படுதியா?" என்ற கேள்வியைக் கேட்காமல் அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டான்.

அப்படிப்பட்ட பையன்களுக்கெல்லாம் ஜப்பானிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறான். பெயர் ஜெனிட்சு அகட்சுமா. 'டீமன் ஸ்லேயர்' அனிமேவில் வருகிற மஞ்சள் முடி வாள்வீரன். பேயைக் கண்டால் அலறுவான், அழுவான், பக்கத்தில் நிற்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவான். ஆனால் 'முடிவிலிக் கோட்டை' படம் 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது, அதன் முக்கியமான சண்டைகளில் ஒன்று இவனுடையது.

படம் பார்த்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். இவன் உண்மையில் எவ்வளவு பலசாலி? இவ்வளவு செய்தும் 'ஹஷிரா' பதவி ஏன் கடைசிவரை கிடைக்கவில்லை? அதைத்தான் இங்கே விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: மாங்காவின் கடைசி அத்தியாயம் வரை பேசுகிறோம். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வாருங்கள்.)

யார் இந்த ஜெனிட்சு?

'டீமன் ஸ்லேயர்' மாங்காவை எழுதி வரைந்தவர் கொயோஹாரு கோடோகே. 2016 பிப்ரவரி முதல் 2020 மே வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் 205 அத்தியாயங்களாக வந்த கதை. 2019இல் யுஃபோடேபிள் ஸ்டூடியோ அதை அனிமேவாக்கியது. கதை நடக்கும் காலம் ஜப்பானின் தைஷோ காலம், அதாவது 1912–1926. மனிதர்களைத் தின்னும் பேய்களை வேட்டையாட, அரசாங்கம் அங்கீகரிக்காத ஒரு ரகசியப் படை இருக்கிறது. நாயகன் தஞ்சிரோ, பன்றித்தலை இனோசுகே, ஜெனிட்சு மூவரும் அந்தப் படையின் இளைஞர்கள்.

ஜெனிட்சு ஓர் அநாதை. ஒரு பெண்ணை நம்பி ஏமாந்து கடனில் மாட்டிக்கொண்டவன். அந்தக் கடனை அடைத்து, பையனைக் கூட்டிக்கொண்டு போய் வாள்வித்தை கற்றுக்கொடுத்தவர் ஜிகோரோ குவாஜிமா. ஒரு காலை இழந்து ஓய்வுபெற்ற, முன்னாள் இடி ஹஷிரா. ஜெனிட்சு அவரை ஆசையாக 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவான். பயிற்சியிலிருந்து தப்பிக்க மரத்தில் ஏறி உட்கார்ந்தவனை மின்னல் தாக்கியது. அன்றிலிருந்துதான் கருத்த முடி மஞ்சளானது.

நம்ம ஊர் நகைச்சுவையோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். வடிவேலுவின் கைப்புள்ளயும் இருபத்து மூன்றாம் புலிகேசியும் வெளியே உதார், உள்ளே உதறல். அந்த இடைவெளிதான் சிரிப்பு. ஜெனிட்சுவிடம் அந்த உதாரே கிடையாது. "நான் பலவீனமானவன், நான் செத்துடுவேன்" என்று சந்திக்கிற எல்லோரிடமும் அவனே சொல்லிவிடுகிறான். உள்ளே இருக்கும் பலம்தான் அவனுக்கே தெரியாது. தலைகீழான கைப்புள்ள.

ஒரே ஒரு அடி

இந்தக் கதையில் வாள்வீரர்கள் ஒரு விதமான மூச்சுப் பயிற்சியால் உடல் பலத்தைக் கூட்டுகிறார்கள். நீர், தீ, காற்று, பாறை, இடி என ஐந்து அடிப்படைச் சுவாச முறைகள். மற்றவை இவற்றிலிருந்து கிளைத்தவை. இடிச் சுவாசத்தில் மொத்தம் ஆறு வரிசைகள். ஜெனிட்சுவுக்கு வந்தது முதல் வரிசை மட்டும்: குனிந்து நின்று, மூச்சை இழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறையிலிருந்து வாளை உருவி, ஒரே வீச்சில் கழுத்தை அறுத்துவிட்டுக் கடந்துபோவது.

இது முழுக்கக் கற்பனை இல்லை. உறையிலிருந்து வாளை உருவும் அசைவையே வெட்டாக மாற்றும் 'இயாய்' என்ற கலை ஜப்பானில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. நம்ம பக்கம் சிலம்பம் கற்றவர்களுக்கும் இதன் அடிப்படை புரியும். கம்பைச் சுழற்றுவதற்கு முன்னால் ஆசான் பார்ப்பது காலடியைத்தான். ஜெனிட்சுவின் வித்தையும் கையில் இல்லை, காலில் இருக்கிறது. அவனுடைய பலம், பலவீனம் இரண்டுக்கும் காரணம் அந்தக் கால்களே.

ஜிகோரோவிடம் ஏற்கெனவே ஒரு மூத்த சீடன் இருந்தான். பெயர் கைகாகு. அவனுக்கு இரண்டு முதல் ஆறு வரை ஐந்து வரிசைகளும் அத்துப்படி. முதல் வரிசை மட்டும் வரவே இல்லை. ஒருவனுக்கு ஒன்று, இன்னொருவனுக்கு ஐந்து. ரெஸ்யூமேயில் பார்த்தால் கைகாகுதான் முன்னால் நிற்பான். ஆனால் தாத்தா ஜெனிட்சுவிடம் சொன்ன புத்திமதி வேறு: ஒன்றுதான் வருமென்றால், அந்த ஒன்றை எவரும் தொட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோ. இரும்பை அடித்து அடித்து வாளாக்குவது போல உன்னை அடித்துக்கொள்.

பலம் தூக்கத்தில், தைரியம் விழிப்பில்

ஜெனிட்சுவின் பெரிய 'கிம்மிக்' எல்லோருக்கும் தெரியும். பயம் உச்சத்துக்குப் போனால் மயங்கித் தூங்கிவிடுவான். தூங்கியபிறகு வேறு ஆளாகிவிடுவான். மேளவீட்டுப் பேய்களில் ஒன்றின் தலையைத் தூக்கத்திலேயே சீவிவிட்டு, எழுந்து பார்த்து, பக்கத்தில் நின்ற சின்னப் பையன்தான் தன்னைக் காப்பாற்றினான் என்று நம்பியவன் அவன்.

ஆனால் ரசிகர்கள் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு காட்சிகள் உண்டு. இரண்டிலும் அவன் நன்றாக விழித்திருக்கிறான்.

முதலாவது, அதே மேளவீட்டின் வாசலில். தஞ்சிரோ முதுகில் சுமக்கும் மரப்பெட்டிக்குள் பேய் இருப்பது ஜெனிட்சுவுக்கு முதலிலேயே தெரியும். காரணம் அவனது காது. மனிதர்களின் குணத்தைக்கூட ஓசையாகக் கேட்கக்கூடியவன். ஆனால் தஞ்சிரோவிடமிருந்து வரும் ஓசை அவ்வளவு அன்பானது. காரணம் இல்லாமல் அவன் இதைச் சுமக்க மாட்டான் என்று நம்பி, இனோசுகே அடித்த அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டியின் மேல் படுத்துக்கொண்டான். வாளைக்கூட உருவவில்லை.

இரண்டாவது, கேளிக்கை நகரில். அழகியின் வேடத்தில் இருக்கும் தாகி, பணிப்பெண்ணான ஒரு சிறுமியின் காதைப் பிடித்துத் திருகுகிறாள். அவளிடமிருந்து வரும் பேயின் ஓசை ஜெனிட்சுவுக்குக் கேட்டுவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம். இருந்தும் அவள் கையைப் பிடித்து, விடச் சொல்கிறான். அடுத்த நொடி சுவரோடு சுவராகத் தூக்கி வீசப்படுகிறான். பிறகு சண்டையில், தூக்கத்திலேயே, அவன் தாகியிடம் முதலில் கேட்பது அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லித்தான்.

தூக்கத்தில் வெளிப்படுவது அவனுடைய பலம். தைரியம் விழித்திருக்கும்போதே அவனிடம் இருந்தது. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவதே அறிவுடையோர் வேலை என்று நம்ம வள்ளுவர் அப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அஞ்சியபிறகு ஓடுகிறானா, நிற்கிறானா என்பதே பார்க்க வேண்டியது.

படிப்படியாக எவ்வளவு வளர்ந்தான்?

1. தேர்வு மலை: ஃபுஜிகசானே மலையில் நடந்த இறுதித் தேர்வில் தஞ்சிரோ, கனாவோ, கென்யா, இனோசுகே, ஜெனிட்சு ஆகிய ஐந்து பேர் மட்டுமே தேறினார்கள். 'செத்துடுவேன்' என்று புலம்பியவன் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்டான்.

2. சிலந்தி மலை: நட்டகுமோ மலையில் விஷம் ஏறி உடல் மரத்துப்போகும் நிலையில், ஒரே வரிசையைத் தொடர்ந்து ஆறு முறை பாய்ச்சி சிலந்திப் பேயை முடித்தான். ஒரே வித்தைதான், ஆனால் அதை அடுக்கத் தெரிந்துகொண்டான்.

3. கேளிக்கை நகரம்: ஆறு எட்டானது. அதற்கும் மேலே 'தெய்வ வேகம்' என்ற நிலையைத் தொட்டான். கால்கள் தாங்காது என்பதால் அதை இரண்டு முறைதான் பயன்படுத்த முடியும். இனோசுகேயோடு சேர்ந்து தாகியின் தலையை எடுத்தது இந்த வேகத்தில்தான்.

4. முடிவிலிக் கோட்டை: ஏழாவது வரிசை. இதை யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. ஆறோடு நின்றிருந்த ஒரு மரபில் அவனே சேர்த்தது.

ஒவ்வொரு படியிலும் புதிய வித்தை எதையும் அவன் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கிற ஒன்றை ஆறாக்கினான், எட்டாக்கினான், வேகமாக்கினான். அதிலிருந்தே கடைசியில் புதியது ஒன்று பிறந்தது.

கைகாகு: ஐந்து வரிசை தெரிந்தவன் ஏன் தோற்றான்?

ஜிகோரோவின் ஆசை, ஜெனிட்சுவும் கைகாகுவும் சேர்ந்தே இடிச் சுவாசத்தின் வாரிசாக வேண்டும் என்பது. கைகாகுவுக்கு அது அவமானமாகப் பட்டது. 'அந்த அழுமூஞ்சியும் நானும் ஒன்றா?' என்ற கோபம். பயிற்சிக் காலத்திலேயே ஜெனிட்சுவின் மேல் பீச் பழத்தை எறிந்து, ஓடிப்போ என்று திட்டியவன் அவன்.

ஒருநாள் பேய்களில் முதலிடத்தில் இருக்கும் கொகுஷிபோ அவன் முன்னால் வந்து நின்றான். கைகாகு தரையில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்டான், பேயாக மாறினான். சீடன் பேயான அவமானத்தைச் சுமந்து தாத்தா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி ஜெனிட்சுவுக்குக் கடிதமாக வந்தது. அதற்குப் பிறகு அவன் முகத்தில் பழைய அழுகை இல்லை. கோட்டையில் கைகாகுவைச் சந்தித்தபோது முழு விழிப்போடு இருந்தான், நடுக்கமே இல்லாமல்.

கதையின் நடுமையம் இதுதான். பார்ப்பதற்கு வீரனாக இருந்தவன் பயந்த ஒரே இரவில் மண்டியிட்டான். தினமும் பயந்தவனுக்கு அந்த இரவு புதிதாக இல்லை. பயத்தோடு எப்படி வாழ்வது என்று அவனுக்குப் பதினாறு வருட அனுபவம்.

கைகாகுவின் மனதிலிருந்து எப்போதும் ஒரு நிறைவின்மையின் ஓசை கேட்டதாக ஜெனிட்சு சொல்வான். அவனுடைய மகிழ்ச்சிப் பெட்டியில் ஓட்டை இருந்தது. எவ்வளவு போட்டாலும் நிறையவில்லை. தாமிரபரணித் தண்ணியையே திருப்பிவிட்டாலும் ஓட்டைக் குடத்தில் என்ன நிற்கும்?

அப்படியானால், ஹஷிராவுக்குச் சமமா?

நேர்மையாகச் சொன்னால்: வேகத்தில் ஆம், முழுத் திறனில் இல்லை.

ஆதரவான வாதம் வலுவானது. மேல்நிலைப் பேய் ஒன்றைத் தனியாளாக வீழ்த்துவது ஹஷிராக்களுக்கே அரிது. தீ ஹஷிரா ரெங்கோகு மேல்நிலை மூன்றான அகாசாவிடம் உயிரிழந்தார். பூச்சி ஹஷிரா ஷினோபு மேல்நிலை இரண்டான தோமாவிடம் தோற்றார். ஜெனிட்சு புதிய மேல்நிலை ஆறைத் தனியாகவே முடித்தான்.

எதிர்வாதமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. சண்டை முடிந்து சாகக் கிடந்த ஜெனிட்சுவுக்குச் சிகிச்சை செய்யும் யுஷிரோ ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறான்: கைகாகு பேயாகிக் கொஞ்சநாள்தான் ஆகிறது, இன்னும் ஒரு வருடம் பழகியிருந்தால் இவன் நொடியில் செத்திருப்பான். அதோடு, கடைசிப் போரில் ஹஷிராக்கள் பலருக்கு உடலில் தோன்றி பலத்தைக் கூட்டிய அந்தக் 'குறி' ஜெனிட்சுவுக்கு வரவே இல்லை. அது வந்தவர்களுக்கு ஆயுள் 25 வயதைத் தாண்டாது என்பதால், வராமல் போனதே அவன் அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

ஹஷிரா ஆக என்ன தகுதி?

'ஹஷிரா' என்றால் ஜப்பானிய மொழியில் தூண். படையைத் தாங்கும் ஒன்பது தூண்கள். அந்தச் சொல்லுக்கான எழுத்தில் ஒன்பது கோடுகள் இருப்பதால்தான் ஒன்பது பேர்.

படையில் பத்துப் படிநிலைகள் உண்டு. புதிதாகச் சேருபவர் கடைசிப் படியான 'மிசுனோடோ'. உச்சிப் படி 'கினோயே'. கினோயேவைத் தொட்டவர், ஒன்று, ஐம்பது பேய்களைக் கொன்றிருக்க வேண்டும். அல்லது முசானின் பன்னிரண்டு தளபதிப் பேய்களில் ஒன்றைக் கொன்றிருக்க வேண்டும். அதன்பிறகு நியமனம்.

வயதோ சர்வீஸோ தடையில்லை. மூடுபனி ஹஷிரா முயிசிரோ வாளெடுத்து இரண்டே மாதத்தில் பதவிக்கு வந்தவன். இன்னொரு சுவாரஸ்யம்: கதை தொடங்கும்போது நீர், தீ, காற்று, பாறை நான்குக்கும் ஹஷிரா இருக்கிறார்கள். ஐந்து அடிப்படை முறைகளில் இடிக்கு மட்டும் நாற்காலி காலி.

அப்புறம் ஏன் கிடைக்கவில்லை?

ஒன்று, கணக்கு எழுதப்பட்ட விதம். தாகி–கியூதாரோ அண்ணன் தங்கையை வீழ்த்தியது குழு வேலை. தஞ்சிரோ, இனோசுகே, ஜெனிட்சு மூவரோடு ஒலி ஹஷிரா உசுயும் இருந்தார். யார் கணக்கில் எழுதுவது? ஐ.டி. கம்பெனியில் அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.

இரண்டு, படிநிலை. தளபதிப் பேயைக் கொன்றால் மட்டும் போதாது, கினோயே ஆகியிருக்க வேண்டும். மூவரும் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை.

மூன்று, வேலையே நின்றுபோனது. தஞ்சிரோவின் தங்கை நெசுகோ சூரிய ஒளியைத் தாங்கத் தொடங்கியதும் பேய்களின் நடமாட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. அந்த இடைவெளியில்தான் ஹஷிராக்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். வேட்டை இல்லையென்றால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லையென்றால் உயர்வும் இல்லை. ரெங்கோகு இறந்து, உசுய் ஓய்வுபெற்று, இரண்டு இடங்கள் காலியாக இருந்தும் நிரப்பப்படவில்லை. மேல்நிலை நான்கைக் கொன்ற தஞ்சிரோவுக்கே கிடைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

நான்கு, இதுதான் மனதைப் பிசைவது: காலம். கைகாகுவைத் தனியாக வீழ்த்திய அந்த இரவில், தகுதி குறித்த எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆனால் படையின் தலைவர் ககயா உபுயாஷிகி அதே இரவில், கோட்டைச் சண்டை தொடங்கும் முன்பே, முசானைச் சிக்கவைக்கத் தன் வீட்டோடு தன்னையும் வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டார். பொறுப்பேற்ற மகன் கிரியாவுக்கு வயது எட்டு. விடிந்தபோது முசான் இல்லை. முசான் இல்லையென்றால் படைக்கும் வேலை இல்லை. படை கலைக்கப்பட்டது. மிஞ்சிய ஹஷிராக்கள் கியூவும் சனேமியும் மட்டுமே.

அதாவது, ஆபீஸ் மூடுகிற அன்றைக்குத்தான் அவனுக்குத் தகுதி வந்தது. கையெழுத்துப் போட ஆளில்லை. உட்கார நாற்காலியும் இல்லை.

நெல்லைச் சீமையில் ஒரு பதவிக் கதை

பலமும் பதவியும் ஒரே தராசில் நிற்பதில்லை என்பதற்குத் தாமிரபரணிக் கரையே ஒரு பெரிய உதாரணத்தைப் பார்த்திருக்கிறது. அவர் பயந்தவர் அல்ல, நேர் எதிர். மருதநாயகம் என்ற யூசுப் கான்.

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தளபதியானார். 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவர்களின் உணவு, தளவாட வழிகளை அறுத்தவர் அவர். 1761இல் பூலித்தேவனின் கோட்டைகளை வீழ்த்தியதும் அவரே. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து வரியை ஒழுங்குபடுத்தினார். திறமையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, கம்பெனிக்கும் கூட.

ஆனால் அவர் யாருக்குக் கீழே? தான் கம்பெனிக்கு நேரடியாகப் பதில் சொல்பவன் என்றார் யூசுப் கான். இல்லை, தன் வேலைக்காரன் என்றார் ஆற்காடு நவாப் முகமது அலி. கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. யூசுப் கான் எதிர்த்து நின்றார். நீண்ட முற்றுகைக்குப் பிறகு சொந்த ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பின்னாளில் கம்பெனிப் படையில் இந்தியச் சிப்பாய் எத்தனை போர் ஜெயித்தாலும் சுபேதாரைத் தாண்டி அதிகம் போக முடியாது என்ற நிலை உறுதியானது. நேற்று கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார இளைஞனும் அவருக்கு மேலதிகாரிதான்.

அவர் கதையைச் சொல்லவந்த கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத்தை 1997 அக்டோபரில் பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத்தே வந்து தொடங்கிவைத்தார். படம் முடியவே இல்லை. பதவிதான் முழுதாகக் கிடைக்கவில்லை என்றால், படமும் அப்படியே.

இரண்டு கதைகளிலும் பொது ஒன்று உண்டு: பதவி என்பது திறமைக்குப் போடும் மார்க் அல்ல. மேலே யார் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் நிறுவனத்துக்கு என்ன தேவை, யாருக்கு யாரைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது.

கேபினுக்கு வெளியே இருக்கும் ஜெனிட்சுகள்

வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன நெல்லைப் பிள்ளைகளுக்கு இது புரியும். மீட்டிங்கில் வாயைத் திறக்கப் பயம், பிரசன்டேஷன் என்றால் கை நடுக்கம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் எழுப்பிவிடுவது அந்த ஆள்தான். ஏப்ரல் மாத லிஸ்ட்டில் அவர் பெயர் இருக்காது.

இதில் ஆறுதலாக ஒன்றும், கவலையாக ஒன்றும் சொல்ல வேண்டும்.

ஆறுதல்: வேலையில் கெட்டிக்காரர் எல்லோரும் நல்ல மேலாளர் ஆவதில்லை. லாரன்ஸ் பீட்டர் 1969இல் வெளியான புத்தகத்தில் சொன்ன 'பீட்டர் விதி' பிரபலம்: நிறுவனத்தில் ஒவ்வொருவரும் தங்களால் முடியாத ஒரு நாற்காலி வரும்வரை உயர்த்தப்படுகிறார்கள். அமெரிக்காவில் விற்பனை ஊழியர்களை வைத்து நடந்த ஆய்விலும் இதே சாயல் தெரிந்தது. அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு எளிதாகக் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் செயல்பாடு சரிந்தது. ஹஷிரா என்பதும் வெறும் வாள்வேலை அல்ல. எல்லைகளைக் காப்பது, ஆட்களைப் பழக்குவது, சாவுக்கு அனுப்பும் முடிவை எடுப்பது எல்லாம் சேர்ந்த வேலை. ஒரு வீச்சில் முடித்துவிட்டுக் கடந்துபோகும் ஜெனிட்சு அதில் எப்படி இருந்திருப்பான் என்பது நல்ல கேள்வி.

கவலை: சத்தமில்லாமல் செய்த வேலை சத்தமில்லாமலே போய்விடும். மேளவீட்டில் தான் செய்த கொலையை வேறொரு பையன் கணக்கில் எழுதியவன் ஜெனிட்சுவே. பயந்த சுபாவக்காரர்கள் பலர் இந்தத் தப்பைத் தினமும் செய்கிறார்கள். "டீம்தான் சார் பண்ணிச்சு" என்பது பண்பு. "நான் ஒண்ணுமே பண்ணல" என்பது பொய்.

நிஜத்தில் நடக்குமா? இரண்டு சந்தேகங்கள்

மின்னல் அடித்தால் முடி மஞ்சளாகுமா? ஆகாது. ஆனால் மரத்தில் இருந்தவனை மின்னல் தாக்கியது என்பது மட்டும் அச்சு அசல் உண்மை. ஐப்பசி அடைமழையில் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் நிற்பவர்கள் செய்யக்கூடாத முதல் வேலை மரத்தடிக்கு ஓடுவது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. இடிச் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள்தான். கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சோ இதயத் துடிப்போ நின்றிருந்தால் உடனே முதலுதவி செய்யுங்கள், 108க்குச் சொல்லுங்கள்.

தூங்கிக்கொண்டே சண்டை போட முடியுமா? ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள் உண்டு. குறிபார்த்து வாள் வீசும் அளவுக்கு அல்ல. அதீத பயத்தில் மயங்கி விழுவதும் உண்மைதான். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது அதற்குக் காரணம். விழுந்தவர் எழுந்து சண்டை போடுவது அனிமேவில் மட்டும்.

கடைசியில் என்ன ஆனான்?

கைகாகுவை வீழ்த்திவிட்டு உயிர் ஊசலாடும் நிலையில், ஜெனிட்சு தாத்தாவைக் காண்கிறான். வாரிசாக நிற்க முடியவில்லையே, கைகாகுவோடு ஒத்துப்போக முடியவில்லையே என்று அழுது மன்னிப்புக் கேட்கிறான். தாத்தா சொல்வது, அவன்தான் தன் பெருமை என்று. இடிச் சுவாசத்தின் கடைசி ஹஷிராவாக இருந்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது. படை கொடுக்கவேண்டிய பதவியைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தகுதியுள்ள ஒருவர் கொடுத்துவிட்டார்.

பிறகு அவன் உயிரோடு திரும்பினான், முசானோடு நடந்த போரிலும் நின்றான், நெசுகோவைக் கல்யாணம் செய்துகொண்டான். மாங்காவின் கடைசி அத்தியாயம் இன்றைய ஜப்பானுக்கு வருகிறது. அங்கே யோஷிதேரு என்ற பள்ளி மாணவன் கண்ணீர் வடித்துக்கொண்டு ஒரு பழைய புத்தகத்தைப் படிக்கிறான். கொள்ளுத்தாத்தா ஜெனிட்சு தன் வீர வரலாற்றைத் தானே எழுதிவைத்த புத்தகம். "எல்லாம் புளுகு" என்கிற மாதிரி பார்க்கிறாள் அவன் அக்கா தோகோ.

அவள் நம்பவில்லை. ஆனால் வாசகர்களான நமக்குத் தெரியும், அதில் கொஞ்சமாவது உண்மை என்று. தன் வேலையைத் தன் கணக்கில் எழுத ஒருவழியாக அவன் கற்றுக்கொண்டான், கொஞ்சம் கூடுதலாகவே.